பீருக்கண்ணுவின் வியர்வை

துடைத்த இடம் மறுபடியும் ஈரமாகியிருந்தது.

மைதீன் கனி முதலில் அதைப் பெரிதுபடுத்தவில்லை. இறந்தவரின் மய்யித்தைக் குளிப்பாட்டும் இடத்தில் ஈரத்தைக் கண்டு வியக்கிறவன், மீன்சந்தைக்குள் நின்றுகொண்டு நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறவனைப் போல. மூன்று முறை தண்ணீர் ஊற்றியாயிற்று. இலந்தையிலை போட்டது, வெறும் தண்ணீர், கடைசியாகக் கற்பூரம் கரைத்தது. மறைப்புக்குக் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய் வழியாக வெயில் நீலமாகவே இறங்கி, பலகையில் கிடந்த பீருக்கண்ணுவின் முகத்தைக் கடலுக்கு அடியில் கிடப்பது போலக் காட்டியது. கற்பூர மணமும், ஊறிய பலகையின் மணமும், பக்கத்து வளவில் யாரோ காயப்போட்டிருந்த நெத்திலியின் மணமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நின்றன. மைதீன் கனி தோள்துணியால் அந்த நெற்றியை மறுபடி ஒற்றினார். கையை எடுத்து இரண்டு மூச்சு விடுவதற்குள், புருவத்துக்கு மேலே கடுகு கடுகாய் அது திரும்ப வந்தது. மேலேயிருந்து விழுந்த தண்ணீர் அப்படி நிற்காது. உள்ளேயிருந்து முளைத்தது போல இருந்தது.

"மாமா, வாப்பாக்கு வெயர்க்குதா?" என்றான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சஃப்வான். பீருக்கண்ணுவின் இளைய மகன்.

மைதீன் கனி குனிந்து அந்த நெற்றியை உற்றுப் பார்த்தார். பயத்தால் அல்ல, சந்தோஷத்தால். ஈமானோடு போகிறவருக்கு நெற்றி வியர்க்கும் என்று சின்ன வயதில் ஓதிக் கொடுத்திருந்தார்கள். அது உயிர் பிரிகிற நேரத்து வியர்வை. பிரிந்து நாலு மணி நேரம் கழித்து வருமா என்ற கேள்வியை அவர் அப்போதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

"ஏலே, அழாதே. இது எல்லாருக்கும் கிடைக்காது பாத்துக்க. அம்பது வருசமா எனக்க மானத்த வாங்குன மனுசன். உள்ள இம்புட்டு ஈமான வச்சுக்கிட்டு வெளிய காட்டாமயில்லா இருந்திருக்காரு."

கையைத் தூக்கினால் கை வந்தது. முட்டியை மடக்கினால் மடங்கியது. விறைப்பு இல்லை. நல்ல மனிதர்களின் உடம்பு இளகித்தான் கிடக்கும் என்று மைதீன் கனி அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். கஃபன் துணி சுற்றியபின் தார்ப்பாயை விலக்கி வெளியே வந்து, இரண்டு செய்திகளையும் தழுதழுத்த குரலில் ஊருக்குச் சொன்னார். உள்ளறையில் பெண்களின் அழுகை ஒரு கணம் நின்று வேறு ஒரு ராகத்தில் தொடங்கியது. பீருக்கண்ணுவின் மனைவி சுலைகா பீவி, நாற்பது வருஷப் பழக்கத்தில் முதல்முறையாக, மைதீன் கனியை முறைக்காமல் பார்த்தாள்.

அவருக்கு அது போதுமாக இருந்தது. அதுதான் அவருடைய கோளாறே.

மைதீன் கனி டாக்டர் இல்லை. சவூதியில், தம்மாமில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார், சலவைப் பகுதியில். அழுக்கு விரிப்பை உள்ளே தள்ளி, வெளுத்த விரிப்பை வெளியே இழுக்கிற வேலை. ஆனாலும் தேங்காப்பட்டணத்துக்குத் திரும்பியபோது ஆஸ்பத்திரி வாசனை அவர் மேல் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். தெருவில் ஒருவருக்குத் தலை சுற்றினால், ஆட்டோவைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். போய் நாடி பிடிப்பார். கண்ணிமையை இழுத்துப் பார்ப்பார். என்ன பார்க்கிறோம் என்று அவருக்கே தெரியாது. தெரியாததை முகத்தில் காட்டாமல் இருப்பதில் மட்டும் அவர் ஸ்பெஷலிஸ்ட்.

அன்று காலை ஆறரை மணிக்கும் அப்படித்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சுலைகா பீவியின் அலறல் கேட்டதும் பல்துலக்கிக்கொண்டிருந்த வாயோடு ஓடினார். பீருக்கண்ணு மல்லாந்து கிடந்தார், வாய் பிளந்து, குளிர்ந்து. மைதீன் கனி அவர் மூக்கருகே விரலை வைத்தார். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. விரலில் படுவது எந்தக் காற்று என்று பிரித்துப் பார்க்க அதை நிறுத்தச் சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது டாக்டர் ஃபேனை நிறுத்தச் சொல்வது அவ்வளவு நன்றாக இராது.

"போயிட்டாரு," என்றார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டலாமா என்று யாரோ கேட்டார்கள். "அதான் மைதீன் பாத்தாச்சுல்லா," என்றாள் சுலைகா பீவி.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு வருகிற கூட்டம் மொத்தமும் ஜனாஸா தொழுகைக்கு நிற்கும், அந்தப் பாக்கியத்தை விடக்கூடாது என்று எல்லோரும் பறந்தார்கள். இரண்டு மணிக்கெல்லாம் மண் மூடியாயிற்று.

*

மூன்றே முக்காலுக்கு அஸர் தொழுகை. குளித்து, வேறு சட்டை மாற்றி, காலையிலிருந்து தலையணைக்கு அடியில் கிடந்த போனை எடுத்து, திரையைப் பார்க்காமலே ஓரத்துப் பொத்தானால் சத்தத்தைத் திருப்பி வைத்து, பையில் போட்டுக்கொண்டு மைதீன் கனி பள்ளிக்கு நடந்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. கடலின் இரைச்சல் வழக்கமாக அலை அலையாக வரும். அன்று அது ஒரே நீளச் சத்தமாக, யாரோ மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிற மாதிரி, விடாமல் கேட்டது.

சின்னப் பள்ளியின் பக்கவாட்டில், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் குழாய்கள். குழாய்களுக்குப் பின்னால் இடுப்பளவுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கபர்ஸ்தான், கொல்லாமரங்களும் கபர்களின் தலைமாட்டில் சாய்ந்த மீசான் கற்களும் வெள்ளை மணலும். பீருக்கண்ணுவின் புதுமண் சுவரிலிருந்து பத்தே அடி. தண்ணீர் தெளித்த தடம்கூடக் காய்ந்துவிட்டது. மைதீன் கனி குழாயைத் திறந்து, வலது கையை நீட்டினார்.

குவாக், குவாக், குவாக்.

சட்டைப்பையில் வாத்து கத்தியது.

அது ஃபாயிஸின் வேலை. ஃபாயிஸ் பீருக்கண்ணுவின் மூத்த மகன், ஷார்ஜாவில் இருக்கிறான். வியர்வையை வைத்து உடம்பைச் சோதிக்கிற ஸ்டிக்கர் ஒன்றை விற்கிற கம்பெனியில் வேலை. தபால்தலை அளவு, வெங்காயத்தோல் போல மெலிசு, ஒட்டினால் இருப்பதே தெரியாது. வியர்வையில் உப்பு எவ்வளவு, சீனி எவ்வளவு, மனிதன் பதற்றத்தில் இருக்கிறானா என்பது வரை முப்பது அடிக்குள் இருக்கிற போனுக்குச் சொல்லிவிடும். வாப்பாவுக்குச் சீனி வியாதி என்பதால் அனுப்பினான். வாப்பா ஸ்மார்ட் போன் தொடமாட்டார். "எனக்க வெயர்வைய நான் மோந்து பாத்துக்கிடுவேன்" என்று தூக்கி எறிந்தார். மைதீனும் ஒட்டினால் நானும் ஒட்டுகிறேன் என்ற கட்டத்தில்தான் சமாதானம் ஆனது. ஆகவே சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், இரண்டு பேருடைய வியர்வையும் மைதீன் கனியின் போனில். எச்சரிக்கை வந்தால் கத்துவதற்கு ஆளுக்கொரு பறவை. தனக்குக் குயில். பீருக்கண்ணு நடக்கிற நடைக்கு வாத்து.

வாத்து.

ஈரக் கையோடு போனை எடுத்தார். திரையில் தமிழ்தான், எந்த மிஷினோ மொழிபெயர்த்த தமிழ்.

*பீருக்கண்ணு. வியர்வை: மிக அதிகம். உங்கள் அன்புக்குரியவர் நீர் அருந்தவில்லை.*

மைதீன் கனிக்கு முதலில் வந்த பயம் வேறு. ஸ்டிக்கர்! வலது தோள்பட்டைக்குக் கீழே, கைக்கு எட்டாத இடத்தில், அவரேதான் போன வாரம் புதிதாக மாற்றி ஒட்டினார். மய்யித்தின் உடம்பில் தண்ணீர் படாமல் மறைக்கிற எதையும் குளிப்பாட்டுமுன் எடுத்துவிட வேண்டும். மோதிரம், கட்டு, பிளாஸ்திரி எல்லாம். பத்தொன்பது வருஷமாகக் குளிப்பாட்டுகிறவர், ஒரு மருதாணிக் கறைக்குக்கூட உஸ்தாதிடம் போய்ச் சந்தேகம் கேட்கிறவர், நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்ததில் முதுகை மறந்துவிட்டார். தபால்தலை அளவுக்கு பீருக்கண்ணு குளிக்காமல் போய்விட்டார். குளிப்பு கூடுமா? தொழுகை கூடுமா? உஸ்தாதிடம் எந்த முகத்தோடு கேட்பது?

நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றவருக்கு இரண்டாவது பயம் கொஞ்சம் மெதுவாக வந்தது.

அவர்தான் மௌத்தாயிட்டாரே. எது வியர்க்கிறது?

பழைய கணக்காக இருக்கும் என்று நினைத்தார். போன் தூரமாக இருந்தால் ஸ்டிக்கர் எல்லாவற்றையும் சேர்த்துவைத்து, கிட்டே வந்ததும் மொத்தமாகக் கொட்டும், ஃபாயிஸ் சொல்லியிருக்கிறான். விரலால் திரையை மேலே தள்ளினார். கொட்டியிருந்தது. காலை நான்கு பத்து: *சீனி மிகக் குறைவு. உடனே இனிப்பு கொடுக்கவும்.* நான்கு பத்தை அவருக்கு ஞாபகம் இருந்தது. இருட்டில் வாத்து கத்தியது. சவம், இதுக்கு நேரம் காலம் கிடையாது என்று சத்தத்தை அணைத்து, தலையணைக்கு அடியில் திணித்து, திரும்பிப் படுத்தார்.

அதற்குக் கீழே ஐந்து மணி. ஆறு. ஒன்பது. பதினொன்று, குளிப்பாட்டிய நேரம். பன்னிரண்டரை. இரண்டு. இரண்டரை. மூன்று. வரி வரியாக, இடைவெளி இல்லாமல்.

கடைசி வரி மூன்று முப்பத்தொன்பது.

போனின் மேல்மூலையில் கடிகாரம் மூன்று நாற்பது.

குழாய் திறந்தபடி ஓடியது. அதை மூட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மண்ணின் சூடு, என்றார் தனக்குத்தானே. கற்பூரத் தண்ணீர், என்றார். பிறகு, மூழ்குகிறவனுக்குக் கட்டை கிடைத்த மாதிரி, ஒன்று பிடிபட்டது. இரண்டு ஸ்டிக்கரையும் ஒரே நாளில் ஒரே பாயில் உட்கார்ந்து அவர்தானே உரித்தார்? மாற்றி ஒட்டியிருப்பார். வாத்து என்பது தானேதான். வியர்க்கிறதா, ஆமாம், ஆறாக ஓடுகிறது. தண்ணீர் குடித்தாரா, இல்லை. எல்லாம் சரியாக வருகிறது! பீருக்கண்ணு காக்கா, கபருக்குள் போயும் என்னை மூத்திரம் போக வைத்துவிட்டீரே என்று அவருக்குச் சிரிப்பே வந்தது. சட்டைக்குள் கையை விட்டு, இடது புஜத்திலிருந்த தன்னுடைய ஸ்டிக்கரை உரித்தார். உரித்த கையிலேயே அது ஒட்டிக்கொண்டது. உதறினார். சட்டைக் கையில் போய் ஒட்டியது.

குயில் ஒரு முறை கூவியது. *மைதீன் கனி: வாசிப்பு இல்லை.*

அவர் வாத்துக்காகக் காத்திருந்தார். நிற்கட்டும். நின்றுவிடு. நின்றுவிடு மக்கா.

குவாக், குவாக், குவாக்.

*உங்கள் அன்புக்குரியவர் மிகுந்த பதற்றத்தில் உள்ளார்.*

*

போன் கையிலேயே அதிர்ந்தது. ஃபாயிஸ்.

"மாமா." குரல் தட்டையாக இருந்தது. டிக்கெட் கிடைக்காமல் வாப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் போன மகனின் குரல். "வாப்பாக்க ஸ்டிக்கர ஆரு போட்டிருக்கா?"

மைதீன் கனி போனைக் காதோடு அழுத்தினார்.

"எனக்க ஆப்புல இப்பம் ரீடிங் வருது. லைவா வருது. நீங்கதானே ஊரிப் போட்டிருக்கியளா? ஆட்டுக்கு ஒட்டுன மாதிரி?"

ஆட்டுக்கு ஒட்டியது உண்மை. போன பெருநாளுக்கு முன் பீருக்கண்ணுவின் ஸ்டிக்கரை வளவில் நின்ற கிடாவுக்கு ஒட்டிவிட்டார். ஃபாயிஸ் ஷார்ஜாவிலிருந்து அலறி, தெருவையே எழுப்பினான். மைதீன் கனி ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"மக்கா, நான் சொல்லுதத கொஞ்சம்..."

"ஒங்களுக்கு வெக்கமா இல்லியா மாமா? இண்ணைக்காவது? மண்ணு காயல்ல. எனக்க வாப்பாக்க மண்ணு காயல்ல."

அவன் அழுதான். அந்த அழுகைதான் கெடுத்தது. இப்போது என்ன சொல்வது? நான் விரல் வைத்தேன், ஃபேன் ஓடியது என்றா? வாத்து நான்கு பத்துக்கே கத்தியது, நான் தூங்கினேன் என்றா? உன் வாப்பாவை நான் உயிரோடு, என்று தொடங்கி எந்த வினைச்சொல்லில் முடிப்பது? மைதீன் கனியின் வாய் அறுபத்தொரு வருஷமாக இக்கட்டு வரும்போதெல்லாம் எந்தப் பக்கம் சாயுமோ அந்தப் பக்கம் தானாகச் சாய்ந்தது.

"ஆமா மக்கா," என்றார். "நான்தாம். எனக்க மேலதான் இருக்கு. சும்மா... அவரு ஓர்மைக்கு ஒட்டுனேன்."

"சீ," என்றான் ஃபாயிஸ். வைத்துவிட்டான்.

பொய் சொல்லி முடித்ததும் எப்போதும் வருகிற சின்ன இளைப்பாறல் அன்றும் வந்தது. ஒரு நொடி. பிறகு அது போன இடம் தெரியவில்லை.

தோளில் ஒரு கை விழுந்தது. மைதீன் கனி துள்ளிவிட்டார். சஃப்வான். கண் வீங்கி, ஒளு செய்ய வந்திருந்தான்.

"பேடிச்சிட்டியளா? நான்தான். குழாய அடைக்கல்ல பாத்தியளா." மூடினான். "உம்மா இப்பந்தான் மாமா ஒரு வாய் சாயா குடிச்சா. நெத்தி வெயர்த்தத சொல்லிச் சொல்லியே ஆறிட்டு இருக்கா. நேத்து ராத்திரி ரெண்டு பேருக்கும் சண்ட. மீன் கொளம்புல புளி கூடிப்போச்சுண்ணு வாப்பா தட்டத் தள்ளிட்டாவ. சீனி ஊசிய மட்டும் போட்டுட்டு, ஒண்ணும் திங்காம படுத்துட்டாவ. கடைசியா பட்டினியா அனுப்பிட்டனேண்ணு உம்மாக்கு வெப்ராளம். நீங்க அந்த வெயர்வய சொல்லாட்டி அவள பிடிச்சு நிறுத்த முடியாது."

ஊசி போட்டார். சாப்பிடவில்லை.

சலவைப் பகுதிக்கு வருகிற விரிப்புகளில் சில, முறுக்கினால் தண்ணீர் சொட்டுகிற அளவுக்கு நனைந்து வரும். ஒரு முறை நர்ஸ் ஒருத்தியிடம் கேட்டார், கட்டிலைக் குளத்தில் போட்டீர்களா என்று. சீனி இறங்கிய ஆள், என்றாள். அப்படித்தான் கொட்டும். ஐஸ் மாதிரிக் குளிர்ந்து, கூப்பிட்டால் கேட்காமல், பிணம் மாதிரிக் கிடப்பார்கள். பார்க்கிறவர்கள் பிணம் என்றே நினைப்பார்கள்.

நினைத்தார்கள்.

"சஃப்வானே," என்றார். சத்தம் காற்றாக வந்தது.

"என்ன மாமா?"

அவன் முகம் பக்கத்தில் இருந்தது. அழுது அழுது, இப்போதுதான் கொஞ்சம் தேறிய முகம். உள்ளே தொழுகை தொடங்க இகாமத் சொல்ல ஆரம்பித்தார்கள். அவன் இரண்டு கையாலும் முகத்தில் தண்ணீர் அடித்து, "வாங்கோ மாமா, தக்பீர் கட்டிருவாவ" என்று ஓடினான்.

மைதீன் கனி போகவில்லை.

அஸர் தொழுகையில் இமாம் சத்தமாக ஓதமாட்டார். நாற்பது ஆண்கள் ஒரே கூரைக்குக் கீழே நிற்கிறார்கள், ஒரு எழுத்துகூட வெளியே வராது. கொல்லாமரத்து இலை ஒன்று கழன்று மணலில் விழுந்தது அவருக்குக் கேட்டது. கடல் இன்னும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. வெந்த மணலின் வாசம், புரட்டிப் போட்ட ஈர மண்ணின் வாசம், அதற்கும் அடியில் மெலிதாகக் கற்பூரம்.

குவாக்.

*பதற்றம்: அளவுக்கு மேல்.*

குவாக், குவாக்.

*உங்கள் அன்புக்குரியவரின் அருகில் இருங்கள்.*

சுவரில் கை ஊன்றி ஏறினார். முட்டி உரசியது. அந்தப் பக்கம் விழுந்தார். பத்தடி. எழுந்து நடக்கவில்லை, தவழ்ந்தார். புதுமண் மேல் மார்போடு விழுந்து காதை வைத்தார்.

ஒன்றும் இல்லை.

தன் காதுக்குள் தன் ரத்தம். அவ்வளவுதான்.

"காக்கா," என்றார். "பீருக்கண்ணு காக்கா. நான்தான். மைதீனு."

வாத்து நின்றது.

அதுவரை விடாமல் கத்திய சனியன், அவர் பெயரைச் சொன்னதும் நின்றது. திரையைப் பார்த்தார். பதற்றத்தைக் காட்டும் கோடு இருந்தது. ஏறி ஏறிப் போய்க்கொண்டிருந்த கோடு, ஒரே இடத்தில், அசையாமல். கேட்கிறது. யாரோ காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள்.

பிறகு அந்தக் கோடு செங்குத்தாக மேலே போனது.

மைதீன் கனி தோண்டினார். மம்பட்டி தேட நேரமில்லை. இரண்டு கையாலும் வாரினார். கடற்கரை மண், வாரியதில் பாதி திரும்பச் சரிந்தது. அள்ளினார். தள்ளினார். நகக்கண்ணில் மண் ஏறியது. "இருங்கோ காக்கா. இருங்கோ. ஒரு நிமிசம். மூச்ச விட்டுக்கிட்டே இருங்கோ." முழங்கை வரை. தோள் வரை. குழிக்குள் இறங்கி, காலால் உதைத்து, தலையால் முட்டி. வாத்து இடைவெளி இல்லாமல் கத்தியது. விரல் நுனி மரத்தில் இடித்தது.

மய்யித்தின் மேல் மண் படாமல் அடுக்கும் மூடுபலகை.

மணலைத் துடைத்தார். இரண்டு பலகைகள் சேருகிற இடம் தெரிந்தது. அவசரத்தில் வைத்த பலகைகள். இடுக்கில் கஃபன் துணியின் ஒரு முனை மாட்டிக்கொண்டு, விரல் நீளத்துக்கு வெளியே நின்றது. வெள்ளையாக. பலகையின் விளிம்பில் விரலை நுழைத்து இழுத்தார். வரவில்லை. மேலே இன்னும் மண் கிடந்தது. இழுத்தார். நகம் ஒன்று பிய்ந்தது.

"யா அல்லாஹ்! ஆருலே அது?"

*

தொழுகை முடிந்திருந்தது. சுவருக்கு மேல் தலைகள். பிறகு கால்கள், கைகள், சட்டைக் காலர் கழுத்தை இறுக்கியது, அக்குளுக்குள் யாருடையதோ முழங்கை. அவரைக் குழியிலிருந்து சாக்கு மூட்டையைப் போல வெளியே எறிந்தார்கள்.

"கபர தோண்டுதானே! மைத்துக்க கபர தோண்டுதானே, படுபாவி!"

"உயிரோட இருக்காரு!" மைதீன் கனி கத்தினார். "காக்கா உயிரோட இருக்காரு! போனப் பாருங்கோ! வெயர்க்கு! இப்பமும் வெயர்க்கு!"

நாற்பது பேரும் ஒரு நொடி நின்றார்கள். அந்த ஒரு நொடியில் எல்லாம் சரியாகியிருக்கும். பாங்கு சொல்லும் மோதியார் மெதுவாகக் குனிந்து, மணலில் கிடந்த போனை எடுத்தார். சஃப்வான் அதைப் பிடுங்கிப் பார்த்தான். அவன் உதடு திறந்தது. பிறகு அவன் கண் போனிலிருந்து விலகி, மைதீன் கனியின் சட்டைக் கையில் போய் நின்றது.

வெங்காயத்தோல் போல, தபால்தலை அளவில், வெயிலில் பளபளத்தது.

"இது என்ன?" என்றான்.

"அது எனக்கது. எனக்கது மக்கா, காக்காக்கது உள்ள..."

"ஃபாயிஸ் காக்கா இப்பம் வாய்ஸ் அனுப்பிருக்கு." சஃப்வான் தன் போனை எடுத்து அழுத்தினான். கபர்ஸ்தான் முழுக்க ஃபாயிஸின் குரல் கேட்டது. *மைதீன் மாமா வாப்பாக்க ஸ்டிக்கர போட்டுக்கிட்டு தமாசு காட்டுதாரு. கேட்டேன். அவரே ஒத்துக்கிட்டாரு. அந்த ஆள இனி நம்ம வாசல்ல ஏத்தாத.*

"பொய் மக்கா. நான் பொய் சொன்னேன். பயந்து சொன்னேன்!"

"எதுலதான் ஒமக்கு பொய் இல்ல?" என்றான் சஃப்வான். அடித்தான். மாமா என்று கூப்பிட்ட வாயால் அடுத்து அவன் சொன்னதை மைதீன் கனி கேட்கவில்லை, காது கும்மென்று அடைத்திருந்தது. யாரோ அவர் போனைச் சுவரில் அறைந்தார்கள். வாத்து பாதியில் அறுந்தது. இரண்டு பேர் அவர் கைகளைப் பின்னால் முறுக்கி மண்டியிட வைத்தார்கள். ஒருவர் தலைத்துணியைச் சுருட்டி அவர் வாய்க்குள் திணித்தார். புதிய கபருக்குப் பக்கத்தில் இந்தக் கூப்பாடு கூடாது, பாவம், மய்யித்துக்கு நோவினை.

சஃப்வான் மம்பட்டியை எடுத்துக் குழிக்குள் இறங்கினான்.

ஒரு வெட்டு. மணல் பலகையில் விழுந்தது. சரசரவென்று.

இன்னொன்று.

மைதீன் கனி குழியைப் பார்த்தபடி மண்டியிட்டிருந்தார். அவருடைய கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. பலகையின் பாதி மூடிவிட்டது. இடுக்கில் அந்தத் துணிமுனை மட்டும் வெள்ளையாக, விரல் நீளத்துக்கு, நின்றது.

அது அசைந்தது.

காற்று இல்லை. கொல்லாமரத்தில் ஒரு இலை ஆடவில்லை. துணி ஒரு முறை வெட்டி இழுபட்டது. நின்றது. பிறகு மெதுவாக, யாரோ உள்ளேயிருந்து இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு இழுக்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக, பலகைக்கு அடியில் போகத் தொடங்கியது.

மைதீன் கனி வாய்த்துணிக்குள் அலறினார். தலையை ஆட்டினார். கண்ணால் காட்டினார். பிடித்திருந்தவர்கள் இன்னும் இறுக்கினார்கள்.

சஃப்வானின் மம்பட்டி பாதியில் நின்றது.

அவன் பார்த்துவிட்டான். குனிந்த தலை அப்படியே நின்றது. துணியின் கடைசி நுனி அவன் கால்விரலுக்குப் பக்கத்தில் ஒரு கணம் தயங்கி, உள்ளே போய் மறைந்தது.

அவன் நிமிர்ந்து மைதீன் கனியைப் பார்த்தான். குழந்தையைப் போலப் பயந்த முகம். வெளிறிய முகம். மேலே நின்றவர்கள் யாரும் எதையும் பார்க்கவில்லை. அவன் உதடுகள் ஷைத்தானை விரட்டச் சொல்லும் துஆவை வேகமாக ஓதத் தொடங்கின.

பிறகு சஃப்வான் மம்பட்டியை ஓங்கி, மணலை வெட்டி, அந்த இடுக்கின் மேலேயே போட்டான். இன்னும் போட்டான். இன்னும் வேகமாக.